இளையோர் ஆர்கெஸ்ட்ராவில் முதல் வருடம்: ஆடிஷனிலிருந்து ஒலிப்பதிவு வரை

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் டிராம்போன் வாசிப்பவர்களுக்கு முதல் மூன்று பகுதிகளில் ஒரு சுரம்கூடக் கிடையாது. இருபது நிமிடத்துக்கு மேல் கருவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு நான்காம் பகுதியின் முதல் அடியிலேயே, மொத்த ஆர்கெஸ்ட்ராவும் முழங்கும்போது, சுத்தமான சுதியில் உள்ளே வர வேண்டும். ஆறிப்போன பித்தளைக் கருவி சுதி இறங்கித்தான் ஒலிக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் மூன்றாம் பகுதி முடியப்போகும் நேரத்தில் கருவிக்குள் சத்தம் வராமல் வெதுவெதுப்பான மூச்சை ஊதிக்கொண்டே இருப்பார்கள். அரங்கில் இருப்பவர்கள் யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள்.

வட்டார இளையோர் ஆர்கெஸ்ட்ராவில் புதிதாகச் சேரப்போகிறவர்களிடம் நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்த மூச்சு மாதிரியான விஷயங்களைத்தான். எப்படி வாசிப்பது என்று சொல்லித்தர உங்களுக்கு ஆசிரியர் இருக்கிறார். வாசிக்காத நேரத்தில் என்ன செய்வது என்று யாரும் தனியாக உட்காரவைத்துச் சொல்வதில்லை. ஒத்திகையிலும் பயணத்திலும் ஒலிப்பதிவிலும் அந்த நேரம்தான் அதிகம். இரண்டாம் வயலினின் கடைசி ஸ்டாண்டில், அதாவது இருவர் பகிரும் இசைத்தாள் தாங்கியில், தொடங்கி ஆறு வருடம் இப்படி ஒரு ஆர்கெஸ்ட்ராவில் இருந்தேன். இப்போது புதிதாக வரும் வயலின் பிள்ளைகளுக்குப் பிரிவு ஒத்திகை எடுக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எந்த ஆர்கெஸ்ட்ரா, எந்த நாற்காலி

இளையோர் ஆர்கெஸ்ட்ரா என்பது புது யோசனை இல்லை. அமெரிக்காவின் போர்ட்லண்டில் 1924-லேயே ஒன்று தொடங்கியது, இன்றும் நடக்கிறது. பிரிட்டனின் தேசிய இளையோர் ஆர்கெஸ்ட்ரா 1948-இல் வந்தது. வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ ஆப்ரேயு 1975-இல் ஆரம்பித்த எல் சிஸ்தேமா, ஏழைப் பிள்ளைகளின் கையில் கருவியைக் கொடுத்து நாடு முழுக்க ஆர்கெஸ்ட்ராக்களை வளர்த்தது. இவை பெரிய பெயர்கள். நீங்கள் முதலில் தேட வேண்டியது பள்ளிக்கும் தேசிய அளவுக்கும் நடுவில் இருக்கும் வட்டார ஆர்கெஸ்ட்ராவை.

இவை இரண்டு விதமாக இயங்கும். ஒன்று, வாராவாரம் ஒத்திகை. இன்னொன்று, விடுமுறையில் ஒரு வாரம் பத்து நாள் ஒரே இடத்தில் தங்கி, காலை முதல் இரவு வரை வாசித்து, கடைசியில் கச்சேரியோ பயணமோ. வாராந்திர ஒத்திகைக்கு வருடம் முழுக்க நேரம் ஒதுக்க வேண்டும். தங்கி வாசிப்பதற்கு நோட்ஸை, அதாவது உங்கள் கருவிக்கான இசைத்தாளை, முன்கூட்டியே கரைத்துக் குடித்திருக்க வேண்டும். சேரும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: வயது வரம்பு, கட்டணம், கட்டணச் சலுகை உண்டா, கருவியை இரவல் தருவார்களா, மூத்த ஆர்கெஸ்ட்ராவுக்குக் கீழே பயிற்சி ஆர்கெஸ்ட்ரா இருக்கிறதா. பயிற்சி ஆர்கெஸ்ட்ராவில் இடம் கிடைத்தால் முகம் வாட வேண்டாம். அங்கே முதல் ஸ்டாண்டில் உட்கார்ந்து பழகுவது பெரிய பயன் தரும்.

கருவியைப் பொறுத்துப் போட்டி மாறும். ஒரு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் புல்லாங்குழலுக்கு இரண்டு மூன்று நாற்காலிகள்தான், விண்ணப்பிப்பவர்களோ ஏராளம். வயோலா, டபுள் பேஸ், பஸூன், ஓபோ, ஹார்ன் வாசிப்பவர்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு. வயலினிலிருந்து வயோலாவுக்கு மாறச் சொன்னால் ஒருமுறை அதைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒத்திசையின் நடுவில் உட்கார்ந்து கேட்கும் அந்த இடத்தை விட்டு அப்புறம் வர மனமில்லாதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆடிஷன்

வழக்கமாக நான்கு விஷயங்கள் கேட்பார்கள்: நீங்களே தேர்ந்தெடுத்த தனி இசைத் துண்டு, ஸ்கேல்கள் (சுர வரிசைகள்), ஆர்கெஸ்ட்ராப் படைப்பிலிருந்து ஒரு பகுதி, பார்த்தவுடன் வாசிப்பது. தனித் துண்டுக்கு உங்கள் எல்லையில் இருக்கும் கடினமானதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதற்கு ஒரு படி கீழே இருப்பதை அழகாக வாசியுங்கள். கேட்பவர்கள் முதல் அரை நிமிடத்தில் உங்கள் ஒலியையும் சுதியையும் தாளத்தையும் பிடித்துவிடுவார்கள்.

ஆர்கெஸ்ட்ராப் பகுதிகளில் சில உலகம் முழுக்கக் கேட்கப்படுபவை. வயலினுக்கு மொட்சார்ட்டின் 39-ஆம் சிம்பொனியின் கடைசிப் பகுதி, வயோலாவுக்கும் செல்லோவுக்கும் பீத்தோவன் ஐந்தின் இரண்டாம் பகுதித் தொடக்கம், டபுள் பேஸுக்கு ஒன்பதாம் சிம்பொனியின் கடைசிப் பகுதியில் வரும் பேச்சு போன்ற வரிகள். உங்கள் பகுதியை மட்டும் பயிற்சி செய்து போகாதீர்கள். பதிவைக் கேளுங்கள், எல்லாக் கருவிகளின் வரிகளும் சேர்ந்த முழு ஸ்கோரை எதிரே வைத்துக்கொண்டு கேளுங்கள். காப்புரிமை முடிந்த படைப்புகளின் ஸ்கோரும் நோட்ஸும் ஐ.எம்.எஸ்.எல்.பி. இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் வரிக்கு அடியில் யார் தாளத்தைத் தாங்குகிறார்கள் என்று தெரிந்து வாசிப்பவரின் வாசிப்பு தனியாகத் தெரியும்.

பார்த்தவுடன் வாசிக்கச் சொல்லும்போது அரை நிமிடம் தருவார்கள். அந்த அரை நிமிடத்தில் சுதிக் குறியையும் தாளக் குறியையும் பாருங்கள், பிறகு இருப்பதிலேயே வேகமான சுரங்கள் உள்ள பாரை (தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவில் இருக்கும் பகுதியை) தேடுங்கள். அதற்கு ஏற்ற வேகத்தில் முதல் பாரைத் தொடங்குங்கள். தொடங்கிய பிறகு எது நடந்தாலும் நிற்கக் கூடாது. தவறிய சுரத்தைத் திருத்தப் பின்னால் போகிறவர் ஆர்கெஸ்ட்ராவில் ஒரு பார் பின்தங்கிவிடுவார். விட்டுவிட்டு அடுத்த முதல் அடியில் சேர்ந்துகொள்பவரைத்தான் தேடுகிறார்கள். ஆடிஷன் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் இது எவ்வளவு உண்மை என்று எனக்கே புரிந்தது.

நோட்ஸ் கைக்கு வந்ததும்

நோட்ஸ் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்ததாகவோ நூலகத்துடையதாகவோ இருக்கும். திருப்பிக் கொடுக்க வேண்டும். பேனா, ஹைலைட்டர் இரண்டும் கூடவே கூடாது. 2பி பென்சில்தான் சரி: மங்கிய வெளிச்சத்திலும் தெரியும், அழித்தால் தாள் கிழியாது.

முதல் வேலை, பார்களுக்கு எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். ஒத்திகையில் "எண் 124-இலிருந்து" என்றோ "ஜி எழுத்துக்கு ஐந்து பார் முன்னால்" என்றோ ஒரே ஒருமுறை சொல்வார்கள். அடுத்து, இத்தாலியச் சொற்களுக்குப் பொருள் பாருங்கள். வேகத்தைச் சொல்லும் சொற்கள் பெரும்பாலும் தெரிந்திருக்கும். பிட்ஸிகாட்டோ என்றால் விரலால் மீட்ட வேண்டும், ஆர்க்கோ என்றால் வில்லுக்குத் திரும்ப வேண்டும், கான் சோர்தீனோ என்றால் ஒலியை மட்டுப்படுத்தும் மியூட் மாட்ட வேண்டும், டாசெட் என்ற லத்தீன் சொல் இருந்தால் அந்தப் பகுதி முழுக்க உங்களுக்கு வேலை இல்லை. பக்கத்தின் அடியில் வி.எஸ். என்று இருந்தால் தாளை உடனே திருப்ப வேண்டும்.

ஊதுகருவிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய சிம்பொனிகளில் ஹார்ன் பகுதி எப்போதும் எஃப் சுதியில் எழுதப்பட்டிருக்காது. இ, டி, சி என்று பகுதிக்குப் பகுதி மாறும். படிக்கும்போதே மனதுக்குள் மாற்றி வாசிக்க வேண்டும். கிளாரினெட்டுக்கு பி-ஃபிளாட் கருவி மட்டும் போதாமல் ஏ கருவியும் தேவைப்படும். ஏ கிளாரினெட் உங்களிடம் இல்லையென்றால் முதல் ஒத்திகைக்கு முன்பே சொல்லிவிடுங்கள், இரவல் ஏற்பாடு செய்வார்கள்.

பிறகு பதிவைப் போட்டு, கருவியைத் தொடாமல் நோட்ஸை மட்டும் பார்த்துக்கொண்டே கேளுங்கள். நீங்கள் உள்ளே வரும் ஒவ்வொரு இடத்துக்கும் முன்னால் என்ன கேட்கிறது என்று இரண்டு சொல்லில் எழுதுங்கள்: "ஓபோ மெட்டு", "டிரம்பெட் முடிந்ததும்". செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்பொனி, 1893 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் முதன்முதலில் ஒலித்தது, இளையோர் ஆர்கெஸ்ட்ராக்களின் செல்லப் படைப்பு. அதில் டியூபாவுக்கு மொத்தமே 14 சுரங்கள், அவையும் இரண்டாம் பகுதியில் மட்டும். சிம்பலுக்குக் கடைசிப் பகுதியில் ஒரே ஒரு அடி, அதுவும் உரக்க இல்லாமல். அந்த ஒரு அடிக்காக முழு சிம்பொனியையும் தெரிந்து வைத்திருக்கிற தாளக்காரரை எனக்குத் தெரியும். அவரைப் பார்த்துத்தான் நான் ஸ்கோர் படிக்கவே ஆரம்பித்தேன்.

பயிற்சியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஓட்டாதீர்கள். உங்களை உறுத்தும் நான்கைந்து இடங்களை வட்டமிட்டு, தாளம் தட்டும் மெட்ரோனோம் போட்டு, பாதி வேகத்தில் தொடங்குங்கள்.

ஒத்திகை அறையில்

இருபது நிமிடம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். சொன்ன நேரம் என்பது முதல் சுரம் ஒலிக்கும் நேரம். வில்லுக்கு ரோசின் போடுவது, ஊதும் முனையில் இருக்கும் நாணல் துண்டான ரீடை நனைப்பது எல்லாம் அதற்குள் முடிந்திருக்க வேண்டும். ஓபோ ஏ சுரத்தைக் கொடுத்ததும் பேச்சு நிற்க வேண்டும். 440 ஹெர்ட்ஸ் என்பது சர்வதேசத் தர அளவு, ஐரோப்பாவில் பல ஆர்கெஸ்ட்ராக்கள் 442, 443 வரை வைத்துக்கொள்கின்றன. உங்கள் ஆர்கெஸ்ட்ரா எதைப் பின்பற்றுகிறது என்று கேட்டு, வீட்டிலும் அதே அளவில் பழகுங்கள்.

தந்திக் கருவிகளில் இருவருக்கு ஒரு ஸ்டாண்டு. உள்பக்கம் இருப்பவர் தாளைத் திருப்ப வேண்டும்; வெளிப்பக்கம் இருப்பவர், அதாவது பார்வையாளர் பக்கம் இருப்பவர், விடாமல் வாசிக்க வேண்டும். ஒரே வரி இரண்டாகப் பிரியும் இடத்தில் மேல் வரி வெளிப்பக்கத்தவருக்கு, கீழ் வரி உள்பக்கத்தவருக்கு. வில் மேலா கீழா என்பதை முதல் ஸ்டாண்டு முடிவு செய்யும், அது ஸ்டாண்டு ஸ்டாண்டாகப் பின்னால் வரும். நீங்கள் குறித்துக்கொண்டு பின்னால் இருப்பவருக்கும் காட்டுங்கள். உங்களுக்கு வேறு வில் வசதியாக இருந்தால் இடைவேளையில் பிரிவுத் தலைவரிடம் சொல்லலாம். ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டரிடம் நேராகக் கேட்பது அந்த அறையின் மரியாதை இல்லை.

கடைசி ஸ்டாண்டில் உட்காருபவர்களுக்கு ஒரு விஷயம் யாரும் சொல்வதில்லை. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் போகும். மேடையின் மறுகோடியில் 12 மீட்டர் தள்ளியிருக்கும் கருவியின் ஒலி உங்களிடம் வந்து சேர 35 மில்லிவிநாடி ஆகும். மிதமான வேகத்தில்கூடப் பதினாறாம் சுரத்தின் நீளத்தில் கால் பங்குக்கு மேல் அது. காதில் விழுந்த பிறகு வாசித்தால் நீங்கள் எப்போதும் பின்தங்கியே ஒலிப்பீர்கள். எனவே கண்டக்டரின் கோலையும் முதல் ஸ்டாண்டின் வில்லையும் கண்ணால் பிடித்து வாசியுங்கள், காதைச் சுதிக்கும் ஒலியின் அளவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு நோட்ஸ் பாதியாவது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

இனி ரெஸ்ட், அதாவது வாசிக்காமல் எண்ணிக் காத்திருக்கும் பார்கள். என் முதல் ஒத்திகையில் 38 பார் ரெஸ்ட் வந்தது. ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு, இரண்டு-இரண்டு-மூன்று-நான்கு என்று ஒவ்வொரு பாரின் எண்ணையும் முதல் அடியில் வைத்து ஒழுங்காகத்தான் எண்ணத் தொடங்கினேன். இருபதைத் தாண்டியதும் புல்லாங்குழலில் ஒரு மெட்டு எழுந்தது. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன், எண் தொலைந்துபோனது. பக்கத்தில் இருந்தவள் என்னைவிட இரண்டு வயது பெரியவள். அவளுடைய இடது கை முழங்காலின் மேல் இருந்தது. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று ஒவ்வொரு பாருக்கும் ஒரு விரல் லேசாக அழுந்திக்கொண்டிருந்தது. "எந்த இடம்?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன்.

"இன்னும் நாலு. வில்லைத் தூக்கு."

அந்த விரல் எண்ணிக்கையை இன்றும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். அதோடு இன்னொன்றும் சொல்வேன்: உள்ளே வருவதற்கு இரண்டு பார் முன்பே கருவியைத் தூக்கிவிடுங்கள். நீங்கள் தூக்குவதைப் பார்த்து எண்ணிக்கையைத் தொலைத்த இன்னொருவர் பிழைத்துக்கொள்வார்.

கண்டக்டர் நிறுத்தியதும் வாசிப்பும் பேச்சும் அந்த நொடியே நிற்க வேண்டும். அவர் வேறு பிரிவோடு பேசிக்கொண்டிருக்கும் நேரம் உங்கள் ஓய்வு நேரம் இல்லை. ஹார்னுக்கு "இன்னும் குட்டையாக" என்று சொன்னால், அதே வடிவம் உங்கள் வரியில் இருபது பார் கழித்து வரும். அங்கே ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

காது. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டிரம்பெட்டுக்கு முன்னால் உட்காரும் பஸூனுக்கும் வயோலாவுக்கும், பிக்கலோ வாசிப்பவரின் வலது காதுக்கும் ஆபத்து உண்மையானது. அமெரிக்கத் தொழில்நலப் பரிந்துரைப்படி 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது 15 நிமிடம்தான். இசைக்கலைஞர்களுக்கென்றே எல்லாச் சுரங்களையும் ஒரே அளவில் குறைக்கும் காதடைப்பான்கள் இருக்கின்றன. முதல் இரண்டு வாரம் அந்நியமாக இருக்கும், பழகிவிடும். போன காது திரும்பி வராது.

பயணத்துக்குத் தயாராவது

பயணம் அறிவித்ததும் காகித வேலை வரும். கடவுச்சீட்டு திரும்பி வந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாகுமா, பெற்றோர் ஒப்புதல் படிவம், மருந்து, ஒவ்வாமை விவரங்கள், கருவிக் காப்பீடு. கருவியைப் பெட்டியோடும் பெட்டி இல்லாமலும் படம் எடுத்து, தொடர் எண்ணோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நாடு தாண்டிப் போகிறீர்கள் என்றால் வில்லைக் கவனியுங்கள். நல்ல வில்கள் செய்யப்படும் பெர்னாம்புகோ மரம் 2007 முதல் அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. பழைய வில்களின் நுனியில் யானைத் தந்தம் இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் அந்த வில் வீட்டில் இருக்கட்டும், கார்பன் ஃபைபர் வில்லோடு போங்கள். பெரிய கருவிகளைச் சுங்கத்தில் காட்ட நிர்வாகம் ஏ.டி.ஏ. கார்னே என்ற ஆவணம் எடுக்கும். அதில் எழுதிய கருவி அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும் என்பதால் அவர்கள் எண்ணும்போது பொறுமையாக நில்லுங்கள்.

விமானத்தில் வயலினும் ஊதுகருவிகளும் பெரும்பாலும் கையோடு போகும். செல்லோவுக்குத் தனி இருக்கை வாங்குவார்கள். ரீட் சீவும் கத்தி கைப்பையில் இருக்கக் கூடாது. வால்வு எண்ணெய் 100 மில்லிக்குள் இருக்கட்டும். கருவி சரக்கோடு போகிறதென்றால் தந்திகளைச் சற்றே தளர்த்தலாம், முழுக்கத் தளர்த்தவே கூடாது. வயலின் குடும்பக் கருவிகளுக்குள் மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவே நிற்கும் சின்னக் குச்சி ஒட்டப்பட்டதில்லை. தந்திகளின் அழுத்தம்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது.

இதை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் பயணத்தில் ஒரு மதியம் செல்லோக்கள் வெயிலில் நின்ற பேருந்துக்குள்ளேயே இருந்துவிட்டன. அரங்கில் ஒரு பையன் பெட்டியைத் திறந்தான். நான்கு தந்திகளும் தொய்ந்து கிடந்தன, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் மல்லாந்து பலகைமேல் கிடந்தது. அவன் கை தானாகப் பிருடையைத் திருகப் போனது. செல்லோ ஆசிரியை ஓடிவந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். உள்ளே குச்சி விழுந்திருந்தால், முறுக்கிய தந்தி மேல் பலகையைப் பிளந்துவிடும். எஃப் வடிவத் துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்தோம், குச்சி விழுந்துதான் கிடந்தது. அன்று அவன் இரவல் செல்லோவில் வாசித்தான். அதன்பின் எந்த நிறுத்தத்திலும் எந்தக் கருவியும் வண்டியில் தங்கவில்லை. ஆளைக் கணக்கெடுக்கும்போது ஒவ்வொருவரும் தன் எண்ணைச் சொல்லிக் கருவிப் பெட்டியைத் தட்டிக்காட்ட வேண்டும் என்று வழக்கமாயிற்று. உங்கள் ஆர்கெஸ்ட்ராவிலும் இதைக் கொண்டுவரலாம்.

மேடை உடை, கறுப்புக் காலணி, கறுப்புக் காலுறை இரண்டு ஜோடி, நோட்ஸ் கோப்பு, பென்சில்கள், உபரித் தந்திகள் அல்லது ரீடுகள், மியூட், ஸ்டாண்டு விளக்குக்கு பேட்டரி. இவை கையோடு வைக்கும் பைக்குள் போக வேண்டும். பெரிய பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் கச்சேரி நடக்கும்.

பயண நாட்கள்

ஒவ்வொரு அரங்கிலும் கச்சேரிக்கு முன் அரை மணியோ முக்கால் மணியோ மேடை ஒத்திகை கிடைக்கும். முழுதாக வாசிக்க நேரம் இருக்காது. தொடக்கங்கள், முடிவுகள், வேகம் மாறும் இடங்கள், அவ்வளவுதான். அதைவிட முக்கியம் அறையைக் கேட்பது. நல்ல இசையரங்கில் ஒலி அடங்க இரண்டு விநாடி ஆகும். பெரிய கல் தேவாலயத்தில் ஐந்து விநாடியைத் தாண்டும். நேற்று வாசித்த அதே வேகமான வரி அங்கே குழம்பாகிவிடும். சுரங்களைக் குட்டையாக வெட்டி, உரத்த இடங்களில் கொஞ்சம் குறைத்து வாசிக்கப் பழக வேண்டும். உங்கள் பிரிவுக்கு வேலை இல்லாத இடத்தில் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு அரங்கின் பின்வரிசைக்குப் போய் நின்று கேளுங்கள்.

வெப்பமும் மாறும். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஊதுகருவியின் சுதி கணக்குப்படி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும். அரைச்சுரம் என்பது 100 சென்ட். அதே வெப்பத்தில் தந்திகள் நீண்டு சுதி இறங்கும். விளக்குச் சூட்டில் முதல் பாதி முடிவதற்குள் இரண்டு பக்கமும் விலகிப்போவது இதனால்தான். இடைவேளைக்குப் பின் மறுபடி சுதி சேர்ப்பதைச் சடங்காக நினைக்க வேண்டாம். ஓபோ, கிளாரினெட் போன்ற மரக்கருவிகளைக் குளிரில் எடுத்தவுடன் ஊதாதீர்கள். கையிடுக்கில் வைத்துச் சூடேற்றிய பிறகு ஊதுங்கள். மரம் வெடித்துவிடக்கூடும்.

பயணத்தின் பெரும்பகுதி காத்திருப்பு. பேருந்துக்காக, சாவிக்காக, மேடை தயாராவதற்காக. இந்த நேரத்தில்தான் களைப்பு சேர்கிறது. பித்தளைக் கருவிக்காரர்கள் மேடை ஒத்திகையில் உச்சச் சுரங்களை முழு பலத்தில் ஊதி உதட்டைத் தீர்த்துவிடுவார்கள், இரவு கச்சேரியில் உதடு சொன்னபடி கேட்காது. பிரிவுத் தலைவர் அனுமதித்தால் ஒரு ஸ்தாயி கீழே ஊதி வையுங்கள். தண்ணீர் குடியுங்கள். மூன்றாம் நாள் இரவு தூங்காமல் பேசிக்கொண்டிருக்க ஆசை வரும். நான்காம் நாள் கச்சேரி அதைக் காட்டிக்கொடுக்கும்.

வீட்டு நினைவு வரும், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு. அறைத்தோழன் பேச்சைக் குறைத்துவிட்டான், சாப்பாட்டை ஒதுக்குகிறான் என்றால் பொறுப்பாளரிடம் போய்ச் சொல்லுங்கள். இதைக் கோள் சொல்வதாக நினைத்துத் தயங்காதீர்கள். என்னைப் பற்றி அப்படி ஒருத்தி போய்ச் சொன்னாள், அதனால்தான் நான் அந்த முதல் பயணத்தை முடித்தேன்.

ஒலிப்பதிவு

இளையோர் ஆர்கெஸ்ட்ரா பதிவு செய்தால் யார் கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள். 32 சிம்பொனிகள் எழுதிய ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹேவர்கல் பிரையனின் சிம்பொனிகள் முதன்முதலில் இசைத்தட்டாக வந்தது பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பில்தான். 1972-இல் லெஸ்டர்ஷயர் பள்ளிகளின் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா அவருடைய 10, 21-ஆம் சிம்பொனிகளைப் பதிவு செய்தது. அந்த வருடம்தான் பிரையன் 96 வயதில் காலமானார்.

பதிவு கச்சேரியைப் போல ஓடாது. மூன்று மணி நேரம் ஒரு செஷன் என்று வைத்துக்கொண்டால் முடிவில் கையில் நிற்பது வழக்கமாகப் பதினைந்து, இருபது நிமிட இசை. கண்டக்டரின் தலைக்கு மேலே உயரமான கம்பத்தில் மைக்குகள் தொங்கும். 1950-களில் டெக்கா நிறுவனப் பொறியாளர்கள் உருவாக்கிய மூன்று மைக் அமைப்பு இன்றும் பல இடங்களில் உண்டு. தயாரிப்பாளர் வேறு அறையில் ஸ்கோரோடு உட்கார்ந்திருப்பார்; அவர் குரல் மட்டும் ஒலிபெருக்கியில் வரும். ஒருமுறை பதிவு செய்வதை டேக் என்பார்கள்; அவர் டேக் எண்ணைச் சொல்வார், சிவப்பு விளக்கு எரியும், அதன்பின் அறையில் நடப்பதெல்லாம் பதிவு.

எல்லாம் என்றால் எல்லாமும். குளிர்சாதனத்தை நிறுத்தியிருப்பார்கள், அதனால் நாற்காலியின் முனகலும் கேட்கும். வளையல், கைக்கடிகாரம், சரசரக்கும் துணி, கட்டைக் காலணி எதுவும் வேண்டாம். அலைபேசி அமைதி நிலையில் இருந்தால் போதாது. அணைத்து வேறு அறையில் வையுங்கள். முன்பே சாப்பிட்டுவிடுங்கள், பசி வயிற்றின் சத்தமும் மைக்குக்குக் கேட்கும். தாள் திருப்பும் இடங்களை நூலகரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பக்கத்தின் பிரதியை எடுத்து ஸ்டாண்டில் பக்கத்திலேயே விரித்து வைக்க ஏற்பாடு செய்வார்.

தயாரிப்பாளர் ஒரு சின்ன இடத்தை மட்டும் மறுபடி கேட்பார். பிசிறிய இடம் 80-ஆம் பார் என்றால் 72-இலிருந்து தொடங்கச் சொல்வார், 90 வரை விடமாட்டார். இரண்டு டேக்குகளை ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் இடம் வேண்டும். அதனால் அந்தப் பார்கள் எல்லாமே அதே வேகம், அதே சுதி, அதே ஒலி அளவாக இருக்க வேண்டும். ஒன்பதாவது டேக்கிலும் முதல் டேக்கின் உயிரோடு வாசிப்பது பெரிய வேலை. எனக்கு உதவியது ஒன்று: ஒவ்வொரு டேக்குக்கும் காதை வேறொரு கருவியில் வைப்பேன். ஒருமுறை பஸூன், ஒருமுறை இரண்டாம் ஹார்ன். அப்போது அந்த டேக் எனக்குப் புதிதாகிவிடும்.

தவறு செய்தால் முகத்தைச் சுளிக்காதீர்கள், நிறுத்தாதீர்கள், மூச்சை உஸ்ஸென்று விடாதீர்கள். உங்கள் தவறு மற்றவர்களின் நல்ல டேக்கை மூழ்கடிக்காமல் இருக்கலாம்.

கடைசிச் சுரத்துக்குப் பின்னால் வரும் நேரம்தான் எல்லாவற்றிலும் கடினம். வில் தந்தியில் அப்படியே, கை அப்படியே, மூச்சு அப்படியே. ஒலி அறையில் கரைந்து முடிய வேண்டும்; விளக்கு அணைய வேண்டும். எங்கள் பதிவில் ஒரு மெதுவான பகுதியின் கடைசி ஒத்திசை, தந்திகள் மட்டும், மிக மெல்லியது. ஏழாவது டேக். எல்லாம் கூடி வந்திருந்தது. வாசிக்கும்போதே எல்லாருக்கும் தெரிந்தது. ஒலி தேய்ந்துகொண்டிருந்த நேரம் என் ஸ்டாண்டின் விளிம்பிலிருந்து பென்சில் உருண்டது. மரத்தரையில் இரண்டு முறை துள்ளியது. யாரும் திரும்பவில்லை, அசையவில்லை, விளக்கு அணையும் வரை அறுபது பேரும் அப்படியே இருந்தார்கள். பிறகு ஒலிபெருக்கியில் தயாரிப்பாளரின் குரல் சாந்தமாக வந்தது: "அழகாக இருந்தது. கடைசிப் பன்னிரண்டு பார் மட்டும் இன்னொருமுறை." பக்கத்தில் இருந்தவள் குனிந்து பென்சிலை எடுத்துத் தன் பெட்டிக்குள் போட்டு மூடினாள். அன்றிலிருந்து சிவப்பு விளக்கு எரிவதற்கு முன் பென்சில் எங்கே என்று பார்ப்பது எனக்கு வழக்கம். நீங்களும் பாருங்கள்.

பதிவுக்கு முன் உரிமைப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரும் இட வேண்டும். படித்துவிட்டு இடுங்கள். ஒத்திகைத் துணுக்குகளைப் படம்பிடித்து வெளியிட வேண்டாம், அது அறையில் உள்ள எல்லாருடைய வாசிப்பும்தான்.

நோட்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது

பருவம் முடிந்ததும் நூலகர் கோப்புகளைக் கேட்பார். நல்ல ரப்பர் ஒன்று வாங்கி, உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக உங்கள் குறிப்புகளை அழியுங்கள். ஸ்டாண்டுக்கு ஒருவராக அல்லாமல் இருவரும் சேர்ந்து செய்தால் சீக்கிரம் முடியும். தூளை ஊதாமல் மென்துணியால் துடையுங்கள், மடிந்த மூலைகளை நிமிர்த்துங்கள், பக்கங்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். வில் குறிகளை அப்படியே விடச் சொல்வார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்த நூலகம் என்றால் அடுத்த முறைக்கு அவை தேவைப்படும்.

பழைய வாடகை நோட்ஸின் கடைசிப் பக்கத்தில், இரட்டைக் கோட்டுக்குக் கீழே, முன்பு வாசித்தவர்கள் தேதியையும் ஊரையும் சின்ன எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். ரப்பர் அங்கே வந்ததும் எல்லாருமே நிறுத்திவிட்டிருக்கிறார்கள் என்பது பார்த்தாலே தெரியும். அந்த வரிசையின் அடியில் உங்களுக்கும் கொஞ்சம் இடம் இருக்கும்.